ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் நகர்ந்தால்

0.177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், ஸ்கோப்பைக் (குறிபார்க்கும் தொலைநோக்கியை) குறை சொல்லுமுன், அதைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் மவுண்டைப் பாருங்கள். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் துள்ளும். இந்தத் துள்ளலில்தான் மவுண்ட், துப்பாக்கியின் மேலுள்ள 11 மி.மீ. டவ்டெயில் பள்ளத்தில் பின்பக்கமாக ஊரும். பள்ளத்தில் பளபளவென்று புதுக் கீறல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தது, ஊராமல் தடுக்கும் சிறு முள் (ஸ்டாப் பின்) உள்ள ஒரே துண்டு மவுண்ட். பெல்லட் ஏற்றவில்லை என்று உறுதிசெய்துவிட்டு மாட்டுங்கள். அந்த ஸ்டாப் பின், ரிசீவரில் (துப்பாக்கியின் உடல் பகுதியில்) உள்ள துளைக்குள் இறங்கி அதன் பின்சுவரில் முட்ட வேண்டும். பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் திருகுகளை மாற்றி மாற்றி, 2 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினால் போதும். மிஞ்சினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். ஏர் ரைஃபிளுக்கென்று செய்யாத ஸ்கோப்பா? குறுக்குக்கோடே அறுந்துபோகலாம்.