கேரவன் ஏசி எத்தனை வருஷம் உழைக்கும்? பராமரிப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டு வாசலில் படப்பிடிப்புக் கேரவன் நிற்பது சகஜம். அந்த வண்டியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், புதிதாகச் சொந்தக் கேரவன் வாங்கியவர்களுக்கும்தான் இந்த விளக்கம்.

கூரையில் உட்காரும் ஏசி பொதுவாக 5 முதல் 10 வருஷம் உழைக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் ஓடும். செட்டிநாட்டில் அதன் ஆயுளைக் குறைப்பவை இரண்டு: செம்மண் புழுதி, குறைந்த வோல்டேஜ். வெயில்மீது பழி போடுவது அப்புறம்.

எதைத் தொடும் முன்பும் ஜெனரேட்டர், வெளிக் கரண்ட், இன்வெர்ட்டர் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் (மோட்டாரைக் கிளப்ப உதவும் சின்ன உருளை) கரண்ட் தங்கியிருக்கும். வயர் இருக்கும் பெட்டியை எலக்ட்ரீஷியனுக்கு விட்டுவிடுங்கள்.

1. ஃபில்டர்

வண்டிக்குள் மேலே பார்த்தால் ஒரு சல்லடை மூடி தெரியும். அதைக் கழற்றினால் உள்ளே வலையோ ஸ்பாஞ்சோ இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை நாற்றம் வரும். சாதாரணமாக மாதம் ஒரு முறை போதும். மண் ரோட்டில் நிற்கும் வண்டிக்கு வாரம் ஒரு முறை.

ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறைந்து உள் காயிலில் ஐஸ் கட்டும். அப்போது கூலிங்கை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு ஐஸ் கரையும்வரை பொறுங்கள். கத்தி, ஸ்குரூடிரைவர் வைத்துச் சுரண்டவே கூடாது.

2. கூரை மேல்

கூரை ஆள் பாரம் தாங்கும் என்று தெரியாவிட்டால் ஏறாதீர்கள், ஏணியில் நின்றே செய்யலாம். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய கண்டென்சர் தெரியும். வேப்பஞ்சருகு, குளவிக்கூடு, அணில் சேர்த்த நார் எல்லாம் அங்கேதான் கிடக்கும். கையால் எடுத்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேயுங்கள். ஃபேன் மோட்டாரையும் வயர்களையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளியே போகும்படி லேசாகத் தண்ணீர் விட்டால் செம்மண் கரைந்து வரும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் பைப் வேண்டாம். தகடுகள் மடங்கிவிடும்.

3. தண்ணீர்

ஏசித் தண்ணீர் கூரையில் வழிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. உள்ளே சொட்டினால் ஏசிக்குள் தண்ணீர் சேரும் தட்டின் ஓட்டை அடைத்திருக்கும், இல்லையென்றால் ஏசிக்கும் கூரைக்கும் நடுவே தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் அமுங்கிப்போயிருக்கும். உள்பக்கம் இருக்கும் நீளமான போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் எல்லாவற்றையும் சமமாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கேஸ்கெட்டே வீணாகும்.

4. வோல்டேஜ்

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். மீட்டர் ஒரு பக்கம் இருக்கும், வண்டி இன்னொரு பக்கம் நிற்கும். வளவை (நடு முற்றத்தை) தாண்டி மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகி, கடைசியில் அதன் மோட்டார் காயில் கருகும்.

16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். தூரம் அதிகமென்றால் 4. பழைய வீட்டின் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் சொருகாதீர்கள். ஏசி ஓடும்போதே வண்டிப் பக்கத்து முனையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட் ஏசிக்கு 200-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு ஜெனரேட்டருக்கு மாறுங்கள். பிளக் கை வைக்க முடியாத அளவு சுட்டால் எங்கோ லூஸ் கனெக்‌ஷன். ஏசியை நிறுத்தினால், திரும்பப் போட 3 நிமிஷமாவது விடுங்கள்.

5. கூலிங் சோதனை

20 நிமிஷம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக இருக்கிறது. அப்படியும் வண்டி குளிரவில்லையா? வெயிலில் நிற்கிறது, அவ்வளவுதான். மரத்தடிக்கு நகர்த்துங்கள், கண்ணாடிகளை மறையுங்கள்.

"வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்" என்பார்கள். நம்பாதீர்கள். கூரை ஏசிகள் பெரும்பாலும் சீல் செய்தே வருகின்றன. கேஸ் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரசர் உறுமிவிட்டு ஓடாமல் நின்றால் உடனே புது ஏசி வாங்கக் கிளம்ப வேண்டாம். கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். கம்ப்ரசரே போயிருந்தால் பழைய ஏசியில் பணம் போடாமல் மாற்றிவிடுவது நல்லது.

வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றால் ஏசிக்கு உறை போட்டுவையுங்கள். மாதம் ஒரு முறை உறையை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள்.