ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்: 120 நாள் கழித்துத் தெரியவரும் தவறுகள்

பலர் தங்கள் கணினியிலிருந்து நுழைந்து ஒரே சர்வரில் வேலை பார்க்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரை நிறுவிய அன்று எல்லாம் ஒழுங்காகவே ஓடும். லைசென்ஸ் எதுவும் போடாவிட்டாலும் விண்டோஸ் 120 நாள் சலுகைக் காலம் தருகிறது. அதற்குள் மற்ற வேலைகளில் இது மறந்துபோகும். கெடு முடிந்த மறுநாள் காலையில் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது.

அப்படி ஒரு காலையில் என்னை அழைத்தார்கள். மாதக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டிய நாள். ‘லைசென்ஸ் சர்வர் கிடைக்கவில்லை’ என்று எல்லோர் திரையிலும் ஒரே செய்தி. லைசென்ஸ் வாங்கவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்கியிருந்தார்கள், லைசென்ஸ் சர்வரில் பதிவும் செய்திருந்தார்கள். அந்த லைசென்ஸை எங்கே போய்க் கேட்பது என்று, பயனர்கள் நுழைந்து வேலை பார்க்கும் சர்வரான செஷன் ஹோஸ்டுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. விண்டோஸ் அமைப்புகளை நிர்வாகி வகுக்கும் குரூப் பாலிசியில் லைசென்ஸ் சர்வரின் பெயர் ஒன்று, லைசென்ஸ் முறை ஆளுக்கு ஒன்று என்ற பயனர் கணக்கா, கணினிக்கு ஒன்று என்ற சாதனக் கணக்கா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நிரப்பியதும் வேலை தொடங்கியது. இதைச் செய்த பிறகு ஆர்டி லைசென்சிங் டயக்னோசரைத் திறந்து, பிழை எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். நிறுவிய அன்றே பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

இந்த நிலையில் சிலர் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் கிரேஸ் பீரியட் பதிவை அழித்துச் சலுகைக் காலத்தைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது லைசென்ஸ் விதி மீறல். போதாக்குறைக்கு 120 நாள் கழித்து அதே நெருக்கடி மறுபடி வரும். அவசரத்துக்கு நிர்வாகி மட்டும் நுழைய வேண்டுமென்றால், ரிமோட் இணைப்புக் கட்டளையோடு அட்மின் ஸ்விட்சை (/admin) சேர்த்தால் போதும். நிர்வாக வேலைக்கான இரண்டு இணைப்புகளுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. அந்த இரண்டையே அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவதும் விதி மீறல்தான்.

அடுத்த குழப்பம், சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கோ சாதனத்துக்கோ வாங்க வேண்டிய, ‘கேல்’ (CAL) என்று சொல்லப்படும் லைசென்ஸ்களை எந்தக் கணக்கில் வாங்குவது என்பது. 20 கணினிகளில் மூன்று ஷிப்டாக 60 பேர் வேலை பார்த்தால் சாதனக் கணக்கில் 20 போதும். ஒரே ஆள் அலுவலகக் கணினி, மடிக்கணினி, கைபேசி என்று மாறிமாறி நுழைந்தால் பயனர் கணக்கே லாபம். எண்ணிக்கை மீறினால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதைக் கவனியுங்கள். பயனர் கணக்கில் லைசென்ஸ் சர்வர் யாரையும் தடுக்காது. 50 வாங்கிவிட்டு 70 பேர் நுழைந்தாலும் அனுமதிக்கும். தணிக்கை வரும்போதுதான் வினை. அதனால் மாதம் ஒருமுறை லைசென்சிங் மேனேஜரில் பயன்பாட்டு அறிக்கை எடுத்துப் பாருங்கள். சாதனக் கணக்கில் கண்டிப்பு அதிகம். முதல் முறை 90 நாள் தற்காலிக லைசென்ஸ், அடுத்த முறை நுழையும்போது நிரந்தரமானது. அந்த ‘நிரந்தரமும்’ 52 முதல் 89 நாள் வரைதான். பயன்பாட்டில் இருந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவினால் பழைய லைசென்ஸ் அந்தக் கெடு வரை முடங்கிக் கிடக்கும், புதிதாக ஒன்று செலவாகும். ஒரே நாளில் எல்லாக் கணினிகளையும் புதுப்பிக்கத் திட்டமிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் இல்லாமல் வொர்க்குரூப்பில் ஓடும் சர்வருக்குப் பயனர் கணக்கு ஒத்துவராது. விண்டோஸ் சர்வர் 2019 பதிப்பில் அப்படிப் போட்டால், 60 நிமிடத்தில் இணைப்பு துண்டாகும் என்ற எச்சரிக்கை வரும். பதிப்பும் பொருந்த வேண்டும்: 2016-க்கு வாங்கியது 2019 சர்வருக்குச் செல்லாது, புதியது பழையதற்குச் செல்லும். இந்த லைசென்ஸுக்கு மேல் விண்டோஸ் சர்வருக்கான சாதாரண கேலும் தனியாக வேண்டும்.

இனி வேகம். ‘சர்வர் மந்தமாகிவிட்டது’ என்றதும் ராம் வாங்க ஓடாதீர்கள். முதலில் டாஸ்க் மேனேஜரில் பயனர்கள் பக்கத்தைப் பாருங்கள். பாதிப் பேர் டிஸ்கனெக்ட் நிலையில் இருப்பார்கள். ஜன்னலின் மூலையில் உள்ள எக்ஸைத் தட்டினால் வெளியேறியாயிற்று என்று நினைக்கிறார்கள். அவர்கள் திறந்து வைத்த பிரவுசர் டேபுகள் அத்தனையும் சர்வரின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். டிஸ்கனெக்ட் ஆன செஷன்களைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும் பாலிசியைப் போடுங்கள். இரவெல்லாம் ஏதாவது ஓடவிடுகிறவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வேலை பாழாகும்.

2016, 2019 சர்வர்களில் இன்னொரு பிரச்சினை பலருக்குப் பிடிபடுவதில்லை. லாகின் செய்யும்போது பயனரின் பெயரில் ஃபயர்வால் விதிகள் உருவாகின்றன. வெளியேறினாலும் அவை அழிவதில்லை. மாதக்கணக்கில் ஆயிரக்கணக்காகச் சேர்ந்து, லாகின் இழுக்கும், கறுப்புத் திரை நிற்கும், ஸ்டார்ட் மெனு திறக்காது. ரீஸ்டார்ட் செய்தும் பயனிருக்காது. ரெஜிஸ்ட்ரியின் ஃபயர்வால் பாலிசி பகுதியில் ‘டெலிட் யூசர் ஆப் கன்டெய்னர்ஸ் ஆன் லாகாஃப்’ என்ற பதிவை, இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக, 1 என்று வைத்தால் இனிமேல் சேராது. அதற்கான அப்டேட்கள் சர்வரில் இருக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்ததை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

பவர் பிளான் ‘பேலன்ஸ்டு’ என்றே கிடந்தால் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். கண்ட பிரின்டர் டிரைவரையும் சர்வரில் ஏற்றாமல், பயனர் கணினியின் டிரைவரையே பயன்படுத்தும் ஈஸி பிரின்டிலேயே நிறுத்துங்கள். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைப்பது பாதுகாப்புக்கு ஆபத்து. கடவுச்சொல்லை ஊகித்து வரும் ஓயாத முயற்சிகள் சர்வரின் நேரத்தையும் தின்னும். ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே அல்லது விபிஎன் வழியாக மட்டும் விடுங்கள்.

ஒரு சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இதற்குப் பொது விடை கிடையாது, ஆனால் அளக்க வழி உண்டு. 2019 பதிப்பு முதல் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ‘யூசர் இன்புட் டிலே’ என்ற கவுன்டர் இருக்கிறது. பயனர் விசையைத் தட்டியதற்கும் மென்பொருள் அதை எடுத்துக்கொண்டதற்கும் இடையிலான நேரத்தை மில்லிசெகண்டில் காட்டும். சிபியு 60 சதவீதத்தில் இருக்கும்போதே இந்த எண் எகிறினால், பயனர் சொல்லும் குறை உண்மை என்று அர்த்தம். ஒரு வாரம் பதிவு செய்து, உள்ளே இருப்போர் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். எத்தனையாவது ஆள் நுழையும்போது அது ஏறத் தொடங்குகிறதோ, அதற்கு மேல் ஆள் சேர்ப்பதானால் இன்னொரு செஷன் ஹோஸ்ட் தேவை.