ஏற்காட்டுப் பழைய விடுதிப் பள்ளிக்கு நன்கொடையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விழா சமயத்தில் பேட்ச் சந்திப்புக்கு மலையேறுகிறவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் "பள்ளிக்கு ஏதாவது செய்யணும்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போல நூறு வயசு தாண்டிய பள்ளிகள் இருக்கிற மலை இது. அங்கே என்ன தேவை என்பதைக் கீழே சேலத்தில் உட்கார்ந்து நாமே முடிவு செய்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் ஆசை, புதிதாக எதையாவது கட்டுவது. வளைவு, மேடை, சிலை, கூடவே பேர் போட்ட கல்வெட்டு. ஒழுகுகிற கூரைக்கும் அடைத்த கழிவறைக் குழாய்க்கும் உபயதாரர் கிடைப்பதே இல்லை. இதைவிட மோசம், பழைய கட்டடத்தைப் "புதுப்பிக்கிறேன்" என்று இறங்குவது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் அப்புறம் பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, உள்சுவரெல்லாம் பூஞ்சைக் கறை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கூடத்தான், பணத்தை அங்கே போடுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய கைடு, பேட்டரி போன மடிக்கணினி எல்லாவற்றையும் வேனில் ஏற்றி அனுப்பாதீர்கள். வார்டனுக்கு ஒரு போன் போட்டால் கம்பளி வேண்டுமா, மழைக்காலத்தில் துணி உலர்த்தக் கூரை வேண்டுமா என்று அவரே சொல்லிவிடுவார். பொருளாகக் கொடுத்தால், நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி கழிவும் கிடையாது.

வரி விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஜிபேயில்தான். ஒருவர் கணக்கில் எல்லோரும் போட்டு அவர் மொத்தமாக அனுப்பினால் ரசீது அவர் பெயரில் வரும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயர் பள்ளிப் பெயராகவே இருக்காது. 80ஜி பதிவு யார் பெயரில் என்று கேட்டு, அவரவர் பான் எண் கொடுத்து நேரடியாக அனுப்புங்கள். ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கழிவு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நண்பர் நேரில் வந்து ரூபாயாக நீட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டமான எஃப்சிஆர்ஏ-வில் பதிவுள்ள அமைப்பு, டெல்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்கில்தான் அதை வாங்க முடியும். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் ஒரே உண்டியலில் கலந்து அனுப்பினால் தலைவலி பள்ளிக்கு.

பேரனுக்கு சீட் கேட்டுக்கொண்டே கொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. கட்டாய நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ஆண்டு விழா மேடையில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பில் கைவிடுவதுதான் எனக்குப் பொறுக்காதது. விடுதிக் கட்டணம் வருடாவருடம் ஏறும். பன்னிரண்டு வரை ஒருவரால் முடியாது என்றால் நாலு பேர் சேருங்கள், அதுவும் முடியாவிட்டால் பொது உதவித்தொகை நிதியில் போடுங்கள். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்றால் வாய்ச்சொல் போதாது, "இது மூலநிதிக்கு" என்று கடிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வட்டி போதாமல் போகும் காலத்தில் அந்தத் தொகையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்து, ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.