இலக்கணத் தட்டில் புளிப்பானை

எங்கள் அடுப்படியில் மளிகை அலமாரியாக நிற்பது அப்பாவின் புத்தக அலமாரி. அப்பா தமிழாசிரியர். பண்ருட்டிப் பலாமரத்தில் செய்தது; ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஐந்து தட்டுகள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறியபோது கதவுக் கண்ணாடி ஒன்று நொறுங்கியது. 2015 வெள்ளத்தில் கால்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. விறகுக்குப் போடு என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மரம் தேறுமா என்று பாருங்கள். கத்தி முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தேன். பலகைகளில் முனை இறங்கவே இல்லை, வயிரம் பாய்ந்த மரம். கால்களில் மட்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஆசாரி நான்கு கால்களையும் நான்கு விரற்கடை அறுத்துவிட்டுப் புதுக்கட்டை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். ஊசித்துளைகளிலிருந்து புதிதாக மாவு உதிர்கிறதென்றால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மருந்தடித்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட சாமானை உணவுப்பொருள் வைக்க எடுக்காதீர்கள்.

அடுத்தது பழைய பெயின்ட். எண்பதுகளில் அப்பா வெளிப்புறம் பச்சை எனாமல் அடித்திருந்தார். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் ஒன்று உண்டு, கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். அதை நனைத்து, மரத்தையும் நனைத்துத் தேய்த்தால் பெயின்ட் சேறாக வழியும். கொல்லையில் பழைய தார்ப்பாய் விரித்து, முகத்தைக் கட்டிக்கொண்டு செய்தேன். சேற்றைச் செடிக்குப் பக்கம் விடாமல் துணியால் வழித்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்தினேன்.

கடலோரத்துக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது உப்பைப் பற்றி. இதற்கு முன் ஒரு முக்காலியைக் கழுவாமல் வெறுமனே துடைத்துப் பெயின்ட் அடித்தேன். முதல் ஐப்பசி மழையிலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். அடியில் ஈரம் கசிந்தது, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அலமாரியை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். உப்புநீர்க் குழாயைத் தொடவே இல்லை. பிறகு வெயிலில் வைக்காமல் நிழலில் பத்து நாள் உலர்த்தினேன், வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும். கடைசி இரவு ஒரு பிளாஸ்டிக் தாளை மரத்தின் மேல் நான்கு பக்கமும் ஒட்டிவைத்தேன். காலையில் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. இன்னும் நான்கு நாள் பொறுத்தேன்.

மற்ற வேலை சிக்கலில்லாதது. பெயின்ட் போய் வெறும் மரமாகத் தெரிந்த இடங்களில் 80ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 220. எப்போதும் நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மரத்துக்கான பிரைமர் ஒரு கை. அதன்மேல் எனாமல் இரண்டு கை, இடையில் ஓர் இரவு. அரை லிட்டர் பிரைமரும் ஒரு லிட்டர் எனாமலும் வாங்கினேன், மிச்சம்தான். பளபளப்பு எனாமலே அடுப்படிக்கு ஏற்றது. தாளிக்கும்போது படியும் எண்ணெய்ப் பிசுக்கு சோப்புத் துணிக்குப் போய்விடும். இங்கே பங்குனியில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று ஈரத்தோடு வரும். காலை பதினொன்றுக்குள் தூரிகையைக் கழுவி வைத்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடிகளுக்குப் பதில் எவர்சில்வர் வலை அடித்தேன். மளிகைக்குக் காற்று வேண்டும். திருகாணியும் கீலும் பித்தளை. இரும்பு போட்டால் துரு வழிந்து பெயின்டில் கோடு விழும்.

ஒவ்வொரு காலுக்கும் கீழே எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணம் உண்டு. அதை வாரத்துக்கு இரண்டு முறை கொட்டித் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

உட்புறத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. பருப்பும் புளியும் இருக்கும் இடத்தில் வெறும் மரம்தான் நல்லது என்பது என் எண்ணம். இன்னொரு காரணமும் உண்டு. தட்டுகளின் விளிம்பில் அப்பா மெல்லிய தூரிகையால் வெள்ளையில் எழுதியிருந்தார்: இலக்கணம், உரைநடை, அகராதி. 'ண'வின் சுழி ஒவ்வொன்றும் கரும்பலகையில் அவர் எழுதியதுபோலவே உருண்டையாக இருக்கும். அந்த விளிம்புகளை ஈரத்துணியால் ஒற்றி மட்டும் எடுத்தேன், உப்புத்தாள் படவில்லை. இப்போது இலக்கணத்தில் புளிப்பானை, உரைநடையில் பருப்பு டப்பாக்கள். அகராதித் தட்டு மேலே இருப்பதால் ஊறுகாய் ஜாடிகளை அங்கே வைத்திருக்கிறேன், பேரனுக்கு எட்டாது.