குழந்தையின் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னுகிறதா?

கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ரெட்டினோபிளாஸ்டோமா என்பது விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. இந்த நோயோடு வரும் பிள்ளைகளின் பழைய படங்களை அம்மாக்களின் போனில் பார்ப்பேன். காதுகுத்துப் படத்திலேயே ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருக்கும். ‘பூனைக்கண் மாதிரி அழகா இருக்குன்னு நினைச்சோம் சிஸ்டர்’ என்பார்கள்.

நீங்களும் பாருங்கள். ஃபிளாஷை ஆன் செய்யுங்கள். சிவப்புக் கண்ணைத் திருத்தும் வசதி போனில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அறை வெளிச்சத்தைக் குறைத்தால் கண்மணி விரியும். குழந்தையைப் பாட்டி மடியில் உட்காரவைத்து, பத்தடி தள்ளி நின்று, போனுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். நேராகப் பார்க்கும் நொடியில் நாலைந்து படம் எடுங்கள்.

படத்தில் இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சிவப்பாகத் தெரிந்தால் நல்லது. பார்வை கொஞ்சம் ஒதுங்கினாலும் ஒரு கண் வெள்ளையாகத் தெரியும், அதனால் ஒரே படத்தை வைத்துப் பதற வேண்டாம். ஆனால் அதே கண் மறுபடியும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால், அந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். அது கண்புரையாகவும் இருக்கலாம். அதற்கும் உடனே வைத்தியம் வேண்டும். படம் சரியாக இருந்தாலும் கண்ணில் சந்தேகம் இருந்தால் காட்டத்தான் வேண்டும்.

அப்புறம், இன்னொரு அறிகுறி மாறுகண். அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். நாலு மாதத்துக்கு மேலும் கண் விலகியே நின்றால் காட்டுங்கள். கண் சிவந்து வீங்கியிருந்தால் தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விடவே வேண்டாம்.

‘விழித்திரையைப் பார்க்கணும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், படத்தையும் காட்டுங்கள். சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. சதை எடுத்துச் சோதிப்பது வழக்கமில்லை, ஊசி குத்தினால் நோய் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும். சீக்கிரம் வந்தால் லேசர், கீமோ கொண்டு பார்வையையே காப்பாற்ற முடிகிறது. முற்றிவிட்டால் உயிருக்காகக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டதும் பயந்துபோய் ஊருக்குத் திரும்பிவிடும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. தயவுசெய்து போய்விடாதீர்கள், செயற்கைக் கண் பொருத்தலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

சில குடும்பங்களில் இது மரபணு வழியாக வரும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களையும், இனிப் பிறக்கும் குழந்தையைப் பிறந்த உடனேயும் பரிசோதிக்க வேண்டும்.