தாலி, கூறை இல்லாமல் எழுத்து மட்டும்: மட்டக்களப்பு, அம்பாறைச் சோடிகளுக்கான செய்முறை

பிரான்சில் இருக்கிற சொந்தக்காரர் 'பாக்ஸ்' என்கிற சேர்ந்து வாழும் ஒப்பந்தம் எழுதியதைக் கேள்விப்பட்டு, நாங்களும் கலியாணம் கட்டாமல் அப்படி ஒன்றை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நேராகச் சொல்கிறேன், இலங்கையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பிரான்சில் அது 1999இல் வந்தது. ஆணும் பெண்ணுமோ ஒரே பாலினத்தவரோ ஒப்பந்தம் எழுதிச் சேரலாம், ஒருவர் மட்டும் விரும்பினாலும் முடித்துக்கொள்ளலாம், ஆனால் உயில் இல்லாவிட்டால் ஒருவருடைய சொத்து மற்றவருக்குப் போகாது.

இங்கே சடங்கு வேண்டாம் என்கிற சோடிக்கு நான் சொல்வது எழுத்து, அதாவது பதிவுத் திருமணம். தாலி, ஐயர், மண்டபம், சாப்பாடு எதுவும் இல்லாமல் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் செய்யலாம். ஒரே பாலினச் சோடிகளுக்கு இந்தக் கதவும் திறக்கவில்லை, அது பெரிய அநியாயம்.

முதல் படி, உட்கார்ந்து பேசுங்கள்

பதிவே இல்லாமல் சேர்ந்திருக்கலாம்தானே என்று தோன்றும். சேர்ந்திருப்பது குற்றமில்லை, அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழ்கிறவருக்கும் உதவும். ஆனால் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், பதிவு செய்த துணைக்குப் பொதுச் சட்டப்படி சொத்தில் பாதி, பதிவும் இல்லை வழக்கப்படி கட்டியதும் இல்லை என்றால் ஒன்றுமில்லை. கோயிலில் மட்டும் தாலி கட்டியதையும் நீதிமன்றம் ஏற்க இடமுண்டு, ஆனால் துணையை இழந்து நிற்கிற நேரத்தில் அதை நிரூபிக்க அலைகிற பாடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் வரும். அதனால்தான் எழுத்தை விடாதீர்கள் என்கிறேன். இன்னொன்று, பாக்ஸ் போல ஒரு அறிவித்தலோடு இது முடியாது, பிரிவதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சோரம் (துணையை விட்டு வேறொருவரோடு உறவு), வேண்டுமென்று விட்டுப்போனது போன்ற குற்றம் காட்ட வேண்டும். தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள்.

இரண்டாவது, உங்களுக்கு எந்தச் சட்டம்

பொதுச் சட்டத்தில் எழுத இருவருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் தாய் தகப்பனின் சம்மதம் தேவையில்லை. ஒரே குடி, அதாவது ஒரே தாய்வழிக் குலம், என்று வீட்டில் மறித்தாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை, சட்டம் பார்ப்பது நெருங்கிய இரத்த உறவையும் சில கலியாண உறவுகளையும்தான், மச்சான் மச்சாள் கட்டலாம். இருவரும் முஸ்லிம் என்றால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்தான். கல்முனைப் பக்கம் அடிக்கடி வருகிற கேள்வி, ஒருவர் மட்டும் முஸ்லிம் என்றால்? பொதுச் சட்டத்தில் எழுதலாம், மதம் மாறத் தேவையில்லை.

மூன்றாவது, கடதாசிகள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. முன்பு கட்டியவர் என்றால் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பு அல்லது துணையின் இறப்புச் சான்றிதழ். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தான் திருமணமாகாதவர் என்பதற்கு அந்த நாட்டுச் சான்று கொண்டுவர வேண்டும். இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் 'சிவலிங்கம்', அடையாள அட்டையில் 'சிவலிங்கன்' என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள், பிறகு விசா, ஓய்வூதியம் என்று போகிற இடமெல்லாம் இதே கேள்வி வரும்.

நான்காவது, அறிவித்தல்

உங்கள் பிரிவின் விவாகப் பதிவாளரிடம் போங்கள், யார் என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கலியாணம் எழுதப்போகிறோம் என்று அவரிடம் அறிவித்தல் கொடுக்கிறவர் அந்தப் பிரிவில் குறைந்தது 10 நாள் இருந்திருக்க வேண்டும். பெண் களுவாஞ்சிக்குடி, மாப்பிள்ளை திருக்கோவில் என்றால் இருவரும் அவரவர் பதிவாளரிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் நாட்டிலேயே இல்லை என்றால் இங்கே இருக்கிறவர் கொடுத்தால் போதும். 12 நாள் கழித்து, எழுதலாம் என்கிற சான்று கிடைக்கும், அறிவித்தல் கொடுத்து 3 மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும். இது இரகசியமில்லை. யாராவது ஆட்சேபிக்கலாம், ஆனால் வயது, ஏற்கெனவே உள்ள திருமணம் போன்ற சட்டத் தடை காட்ட வேண்டும், பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. அவசரம் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் கேளுங்கள், காத்திருக்கத் தேவையில்லை.

ஐந்தாவது, கையெழுத்து

இரண்டு சாட்சிகள் வேண்டும். கூட்டாளிமாரே போதும், அவர்களும் அடையாள அட்டை கொண்டுவரட்டும். பதிவாளர் எழுதியதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள், பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், அது உங்கள் உரிமை.

அப்புறம் வீடு

எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான் எழுதப்படும். எழுத்தோடு சேர்த்து 'மருமகன் பெயரையும் போடுங்கள்' என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். 1923ஆம் ஆண்டின் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே, கலியாணத்தால் அது கணவனுக்குப் போய்விடாது. வீட்டு உறுதிப் பத்திரத்தை மாற்றுவதும் உயில் எழுதுவதும் நொத்தாரிசிடம் தனியாகப் பேசிச் செய்கிற வேலை, எழுத்து நாளில் செய்யாதீர்கள். விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகளில் இரண்டு மூன்றை எடுத்து, ஒன்றை அம்மா வீட்டிலும் வையுங்கள்.