காளான் இழையில் ஒரு துண்டுத் தோல்: வீட்டிலேயே முதல் முயற்சி

2021ல் எர்மெஸ் என்கிற பிரெஞ்சு சொகுசுப் பொருள் நிறுவனம் தன் விக்டோரியா கைப்பையை, காளானின் வேர் போன்ற மெல்லிய இழைகளை வளர்த்துச் செய்த தோலில் காட்டியபோதுதான் இந்தச் சங்கதி பலர் காதில் விழுந்தது. தோலை வளர்த்துக் கொடுத்தது கலிபோர்னியாவின் மைக்கோவொர்க்ஸ் நிறுவனம். நம் வீட்டில் அந்தத் தரம் வராது. சில்லறை போடும் பைக்கு ஆகும், செருப்புக்கு ஆகாது.

முதலில் காளான் விதை, அதாவது காளான் இழை ஏறிய தானியம். ரெய்ஷி என்கிற கனோடெர்மா காளான் விதையாகக் கேட்டு வாங்குங்கள். சிப்பிக் காளான் விதை எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் படலம் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் கிழியும்.

அடுத்து படுக்கை. நான்கு பங்கு மரத்தூள், ஒரு பங்கு கோதுமைத் தவிடு. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் அழுகும். சூடு தாங்கும் பாலிப்ரோப்பிலீன் கவரில் கட்டி, பிரஷர் குக்கரில் இரண்டு மணி நேரம். ஒரு மெல்லிய பருத்தித் துணியையும் தனிக் கவரில் கூடவே வேகவையுங்கள், பின்னால் வேண்டும். இரவு முழுக்க ஆறட்டும். பொறுமையில்லாமல் சூட்டோடு விதை போட்டு, என் முதல் தட்டு முளைக்கவே இல்லை.

ஆறியதும் கையையும் தட்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, பத்தில் ஒரு பங்கு விதையைக் கலந்து, மூன்று செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள், அதில் நாலைந்து ஊசித்துளை. 25 டிகிரியை ஒட்டிய இருட்டு அலமாரி போதும்.

இரண்டு வாரத்தில் தட்டு வெளுத்துக் கெட்டிப்படும். அப்போது அந்தத் துணியை மேலே விரித்து மூடிவிடுங்கள். இழைகள் துணிக்குள் புகுந்து மேலே ஏறிப் பின்னும். இந்தக் கட்டத்தில் அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசைதான் எதிரி. வெளிச்சமும் புதுக்காற்றும் கிடைத்தால் இழை படலமாகப் பரவுவதை விட்டுவிட்டுக் காளான் மொட்டு விடப் பார்க்கும். பச்சைப் பொடி தெரிந்தால் அது ட்ரைக்கோடெர்மா என்கிற வேண்டாத பூஞ்சை. திறக்காமல் அப்படியே குப்பைக்கு.

மேலும் இரண்டு மூன்று வாரத்தில் துணியோடு உரித்தெடுக்கலாம். அப்படியே காயவிட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மாட்டுத்தோலுக்கு வலு தருவது கொலாஜன் என்கிற புரதம். இங்கே இருப்பது காளானின் செல் சுவரில் உள்ள கைட்டின் என்கிற பொருள். அதற்கு நெகிழ்வு கொடுக்க, நாலு பங்கு வெந்நீருக்கு ஒரு பங்கு கிளிசரின் கலந்து ஒரு நாள் ஊறவைக்கிறோம். பிறகு இரண்டு துணிக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்கல். ஈரம் வடிந்ததும் 70 டிகிரி சூட்டில் மின் அடுப்பில் (ஓவன்) நன்றாக உலர்த்தினால் பூஞ்சை செத்துவிடும். கடைசியாகத் தேன்மெழுகை உருக்கிப் பூசுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும்.

மிஞ்சிய மரத்தூளை உரம் என்று நினைத்துத் தென்னை மரத்தடியில் கொட்டிவிடாதீர்கள். தென்னையைச் சாய்க்கும் தஞ்சாவூர் வாடல் நோய் இதே கனோடெர்மா குடும்பத்தால்தான் வருகிறது. குக்கரில் இன்னொரு முறை வேகவைத்த பிறகு கொட்டுங்கள்.